இந்த இல்லத்தைச் சேர்ந்தது அல்ல

எஸ்கிஷெஹிரில் அங்காடி மூடியபின்
என் வேலை தொடங்கும்.
விலைச்சீட்டு மாற்றுகிறவள் நான்.
பழையதைக் கிழிப்பதில்லை இப்போது,
நேரமில்லை,
அதன் மேலேயே புதிதை ஒட்டிவிடுகிறேன்.
ஆலிவ் எண்ணெய்க்கு முன்னால் ஏழு சீட்டு கனம்.
நகத்தால் சுரண்டினால் போன ரமலான் விலை,
இன்னும் சுரண்டினால்
துன்ஜாய்க்கு வேலை இருந்த காலத்து விலை.

ஒருநாள் சீக்கிரமே ஒட்டத் தொடங்கிவிட்டேன்.
கடைசியாக நின்ற பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்:
"பொறு மகளே, இதை எடுத்துக்கொள்கிறேன்."
பாலாடைக்கட்டியை மேற்சட்டைக்குள் வைத்து
கல்லாவுக்கு ஓடினார்,
காசு கொடுத்து வாங்குகிறவர்,
திருடியவரைப் போல.

வீட்டுக்கு வந்தால் எனக்கே ஒரு சீட்டு.
அன்பாக எழுதியிருந்தார்கள்:
உங்களுக்கு மேலும் சிறந்த அனுபவம் தருவதற்காக
மாதச் சந்தா அறுபது லிரா கூடுகிறது.
முட்டைகூட
இவ்வளவு மரியாதையாக விலையேறியதில்லை.

நான்கு வீடு சேர்ந்து கட்டுகிற சந்தா அது.
முதல் மாடி ஃபெரிதே, என் எதிர்வீட்டு துன்ஜாய்,
கூரையடி அறையில் பல்மருத்துவம் படிக்கும் யெலிஸ்,
நான்.
கடவுச்சொல், ஃபெரிதேயின் பூனையின் பெயர்.
பூனை காணாமல் போய் ஒரு வருடம் ஆகிறது.
மாற்றச் சொல்லி
அந்த நிறுவனம் வாரம் தவறாமல் எழுதுகிறது.
அவள் மாற்றமாட்டாள்.

விளம்பரம் வரும் மலிவுத் திட்டத்துக்கு இறங்கினோம்.
நாயகி கதவைத் திறக்கப் போகிறாள்,
கை தாழ்ப்பாளில்,
வேட்பாளர் வந்துவிடுகிறார்.
பின்னால் கோதுமை வயல், மடித்துவிட்ட சட்டைக்கை.
"வசந்தம் வரட்டும், விலை இறங்கும்."
தாவிச் செல்லும் பொத்தான் அவருக்கு இல்லை.
அடுத்த இடைவேளையில் எதிர்க்கட்சிக்காரர்,
அதே வயல்போலத்தான் தெரிந்தது.
அவருக்கும் பொத்தான் இல்லை.
நடுவில் இணையம் திணறி
வாய் திறந்தபடி உறைந்துபோனார்,
பல்வரிசைக்கு மேல் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி.
"பாருங்கள்," என்றான் துன்ஜாய்,
"கொடுத்த வாக்கில் நிற்கிறார்."

கடைசி அத்தியாயம் வந்த வியாழக்கிழமை
ஃபெரிதே வீடு தவிர மூன்று திரையிலும் ஒரே வாசகம்:
இந்தத் தொலைக்காட்சி
இந்த இல்லத்தைச் சேர்ந்தது அல்ல.

இல்லம் எது என்று
எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில்
யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.
எங்கள் நான்கு வீட்டுக்கும்
குளிர்காலக் கணப்புக்கு ஒரே ரசீது.
ஃபெரிதே பருப்பு சூப் வைத்தால் படிக்கட்டு முழுக்கப் பசிக்கும்.
துன்ஜாயின் இருமல் என் சுவருக்குள் குடியிருக்கிறது.
யெலிஸுக்கு வாடகை புரளாத மாதம்
மூன்று மாடியிலும் விளக்கு எரிந்தது.
இதையெல்லாம் எழுத
அந்தப் படிவத்தில் இடம் விடவில்லை.

நாற்காலிகளைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு
இறங்கினோம்.
துன்ஜாய் சூரியகாந்தி விதை கொண்டுவந்தான்,
எண்ணினாற்போல் ஒரு கிண்ணம்.
இரண்டு வேட்பாளர்களையும் பொறுத்துக்கொண்டோம்.
நாயகி ஒருவழியாகக் கதவைத் திறந்தாள்.
திரை கருத்தது.
கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்பதற்குத்
தனிக் கட்டணம்.

யெலிஸ் அழுதாள், சிரித்தபடி.
நான் கிளம்பினேன், எனக்கு வேலை இருந்தது.

அன்றிரவுக் கட்டில்
எலுமிச்சை இரண்டு லிரா இறங்கியிருந்தது.
மூன்றுமுறை படித்தேன்.
இறங்கிய விலையை ஒட்டிக் கை பழகவில்லை,
சீட்டு கோணலாகப் போயிற்று.
மேலாளருக்குத் தொலைபேசினேன்.
தூக்கக் குரலில், "அச்சுப்பிழை. கிழித்துப் போடு."
சரி என்றேன்.
கிழிக்கவில்லை.

விடிகாலை முதல் ஆளாக வரிசையில் நின்றேன்,
பிழை திருந்துவதற்குள்.
நான்கு எலுமிச்சை எடுத்தேன்.
பிறகு மூன்றைத் திருப்பி வைத்தேன்.
ஃபெரிதேயின் சூப்புக்கு
ஒன்று போதும்.